ஸ்டிக்கருக்குக் காத்திருந்த கார்கள்

ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைப் பக்கவாட்டில் கோட்டுப் படமாக வரைந்திருப்பார்கள். மூக்கு, பக்கப் பலகை, எஞ்சின் மூடி, பின் இறக்கை என்று இடத்துக்கு ஒரு வெற்றுக் கட்டம். கட்டத்துக்குள் ஒரு விலை. சுபாங் ஜெயா எஸ்எஸ் 15 கடை வரிசையில் ஸ்டிக்கர் வெட்டிப் பிழைத்தவருக்கு அந்தப் படம் மனப்பாடம். ஸ்பான்சர் தேடிப் புறப்படும் ஒவ்வொரு பையனின் ஃபைலிலும் அது இருக்கும். காரின் மாடல் மாறும், பெயர் மாறும், விலை ஏறும். கட்டங்கள் மட்டும் அதே இடத்தில் காலியாகக் கிடக்கும்.

லாரிக் கதவில் கம்பெனிப் பெயரும் சுமை எடையும் ஒட்டுவது, பள்ளி வேனுக்கு எழுத்து வெட்டுவது, தைப்பூசம் வந்தால் தண்ணீர்ப் பந்தலுக்கு பேனர் கட்டுவது. இவைதாம் அவருக்குச் சோறு போட்ட வேலைகள். பந்தயக் கார் அதற்குள் வந்து சேர்ந்ததற்குக் காரணம் பத்து தீகா. ஃபெடரல் நெடுஞ்சாலையில் சுபாங் ஜெயாவைத் தாண்டியதும் ஷா ஆலம் எல்லையில் இருந்த அந்தத் தடம் 1968-இல் திறந்தது. சன்னி ராஜா போன்றவர்கள் 1970-களில் கார் ஓட்டிப் பேர் எடுத்த இடம். 1985 டிசம்பரில் உலக ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் அங்கே நடந்தபோது ஜாக்கி இக்ஸும் யோகென் மாஸும் ராத்மன்ஸ் பெயர் பொறித்த போர்ஷேயில் ஜெயித்தார்கள். 1991 முதல் 1997 வரை மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரியும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை காற்று இந்தப் பக்கம் அடித்தால் தாமான் வரைக்கும் எஞ்சின் சத்தம் கேட்கும்.

அந்தக் காலத்தில் ஸ்பான்சர் என்றால் சிகரெட். தடத்தைச் சுற்றிப் பார்த்த பக்கமெல்லாம் சிகரெட் பெயர்கள். உடம்புக்குக் கேடான அந்தக் காசு போனதில் யாருக்கும் வருத்தம் இருக்க வேண்டியதில்லை; 2004-இல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகள் நல்ல காரியம்தான். ஆனால் சிகரெட் கம்பெனிகள் எழுந்து போன நாற்காலியில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. இளம் ஓட்டுநர்கள் பல் கிளினிக், டயர் கடை, துணிக்கடை என்று படியேறத் தொடங்கியதை அவர் தன் மேஜையிலிருந்தே பார்த்தார்.

1995-இல் பத்து தீகாவில் ஃபார்முலா ஆசியா பந்தயம் நடந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களில் அவரும் ஒருவர். அன்று இரண்டாவதாக வந்தவர் நரேன் கார்த்திகேயன், 18 வயது, கோயம்புத்தூர்ப் பையன். தமிழ்ப் பெயர் ஒன்று பந்தயக் காரின் விளிம்பில் ஒட்டியிருப்பதைப் பார்த்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் நின்ற கிள்ளான் நண்பர், "நம்ம ஆளா?" என்று இரண்டு தடவை கேட்டார். அடுத்த ஆண்டு, 1996-இல், அதே ஃபார்முலா ஆசியாவில் சாம்பியன் பட்டம் வாங்கிய முதல் ஆசியர் ஆனார் நரேன்.

அந்தப் பெயர் அங்கே வந்து சேர்ந்த பாதையை அவர் பிறகு தேடித் தேடிப் படித்தார். நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் இந்தியாவின் தேசிய ராலி சாம்பியனாக இருந்தவர். 1992-இல் மகனை ஃபிரான்ஸின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்கு அனுப்ப முடிந்த குடும்பம். ஊருக்குத் திரும்பியதும் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி. மாருதி எஞ்சினை வைத்து, இந்தியப் பிள்ளைகளும் ஓட்டக்கூடிய விலையில் அப்படிப்பட்ட கார்களைக் கட்டியவர் கோயம்புத்தூரின் கரிவர்தன். 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். இன்று கோயம்புத்தூர்ப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். நரேனின் திறமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கரிவர்தனைப் பற்றியும் பேச வேண்டும் என்பது ஸ்டிக்கர்க் கடைக்காரரின் பிடிவாதம். மலிவான கார் ஒன்று உள்ளூரிலேயே கிடைத்ததால்தான் அங்கே முதல் படி என்று ஒன்று இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் கார்ட் ஓட்டிய பிள்ளைகளுக்கு அடுத்த படி எப்போதும் வெளிநாட்டு விலையில்தான் இருந்தது.

1999 மார்ச்சில் செப்பாங் திறந்தது. 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள், ஹெர்மன் டில்க்கேயின் வடிவமைப்பு. அக்டோபரில் முதல் மலேசிய ஃபார்முலா 1 கிராண்ட் பிரி. எடி இர்வைன் ஜெயித்தார். பத்து தீகாவுக்கு வயசாகிவிட்டது எல்லாருக்கும் தெரிந்தது. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டு, இன்று அந்த இடத்தில் வீடுகள் நிற்கின்றன.

நாட்டுக்கு உலகத் தரத்தில் தடம் இருக்கிறது, ஓட்ட ஒரு மலேசியர் வேண்டுமே. 2001 செப்டம்பரில் மோன்சாவில் அலெக்ஸ் யூங் மினார்டி காரில் இறங்கினார். மலேசியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர், இன்றுவரை ஒரே ஒருவர். அவர் பின்னால் நின்றது மேக்னம், நாம் நாலு நம்பர் லாட்டரி எடுக்கும் கம்பெனி. அடுத்த ஆண்டு அந்த அணியின் பெயரே 'கேஎல் மினார்டி ஏஷியாடெக்'. 2002 மெல்பர்னில் யூங் ஏழாவதாக வந்தார். அப்போது ஆறு பேருக்குத்தான் புள்ளி. அதே சீசனில் மூன்று பந்தயங்களில் தகுதிச் சுற்றைத் தாண்ட முடியவில்லை. கடையில் தே தாரேக் குடிக்க உட்கார்ந்தவர்கள், காசு கொடுத்து வாங்கிய சீட்டுதானே என்று பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கடைக்காரர் எப்போதும் மறித்தார். கடைசி வரிசைக் காரில் ஏற வந்த எல்லாரும் காசோடுதான் வந்தார்கள், வேகமும் இருந்தால்தான் அந்தக் காசும் கிடைத்தது என்பார்.

அதற்கு அவர் காட்டும் சான்று நரேன்தான். 2001 ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரைச் சோதனை ஓட்டி, ஃபார்முலா 1 கார் ஓட்டிய முதல் இந்தியர் ஆனவர். 2004 சீசனுக்கு இதே மினார்டி அவருக்கு இடம் தர முன்வந்தது. கேட்ட பணம் சேரவில்லை, சீட்டு போயிற்று. அதே அணி, சில வருட இடைவெளி. ஒருவருக்கு நாலு நம்பர் கம்பெனி இருந்தது, மற்றவருக்கு அன்றைக்கு அந்த அளவுக்கு யாரும் இல்லை. வேகத்தை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது.

2005-இல் டாட்டா பின்னால் நிற்க, நரேன் ஜோர்டன் காரில் ஏறினார். மார்ச் 20, செப்பாங். மஞ்சள் காரில் டாட்டா எழுத்து. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்கள் புல்மேட்டில் இந்தியக் கொடியையும் மலேசியக் கொடியையும் சேர்த்துப் பிடித்திருந்தார்கள். நரேன் பதினொன்றாவது. முன்வரிசையில் என்ன நடந்தது என்பது அந்த மேட்டில் பலருக்கு ஞாபகமில்லை; மஞ்சள் கார் ஒவ்வொரு சுற்றும் திரும்பி வந்ததா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூனில் இண்டியானாபொலிஸில், டயர்ப் பிரச்சினையால் ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து இந்தியாவுக்கு முதல் புள்ளிகளை வாங்கினார்.

அந்த ஆண்டுகளில் கடைக்கு வந்தவர்களில் ஒரு கிள்ளான் பையனை அவரால் மறக்க முடியவில்லை. எலிட் நெடுஞ்சாலையின் யுஎஸ்ஜே ஓய்வுத்தலத்தை ஒட்டிய கார்ட் தடத்தில் ஓட்டி வளர்ந்தவன். அப்பாவுக்கு இரண்டு மூன்று லாரி. பையன் அடுத்து ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியாவில் ஓட்ட ஆசைப்பட்டான். நடிகர் அஜித் 2003-இல் ஓட்டிய அதே தொடர்; அதனால் சொந்தக்காரர்களிடம் பெயர் சொன்னதும் புரிந்துவிட்டது என்று சிரிப்பான். பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளின் எஞ்சின், 140 குதிரைசக்தி, எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார். கார் ஒன்று என்றால் ஓட்டுகிறவனின் கை தெரிந்துவிடும் என்பது அவன் நம்பிக்கை. அவன் கை நன்றாகவும் தெரிந்தது.

"அண்ணே, பின் இறக்கையில யாரும் இன்னும் வரல. காலியா வுட்டுறாதீங்க, என் பேரையே பெருசா போடுங்க" என்றான் ஒரு நாள்.

"உன் பேர பெருசா போட்டா, இடம் வித்துப்போச்சுன்னு நெனைப்பாங்க தம்பி. வர்றவனும் வர மாட்டான்" என்றார் இவர்.

கடைசியில் அங்கே அப்பாவின் லாரிக் கம்பெனி. பக்கப் பலகையில் தெங்கு கிளானா சாலையில் தாய்மாமா வைத்திருந்த துணிக்கடை. மூக்கில் ஒரு பல் கிளினிக். தமிழ் வீட்டுப் பையன் ஒருவனின் பந்தய சீசன் எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்கு அந்தக் காரைப் பார்த்தால் போதும். டாக்டர் படிப்பு, வக்கீல் படிப்பு என்றால் நகையை வைத்தாவது அனுப்பும் குடும்பங்கள் அவை. டயருக்குப் பணம் என்று கேட்டால் வீட்டுக்குள்ளேயே முதல் புரோப்போசலை வைக்க வேண்டும். அந்தப் பையனின் அம்மாதான் முதலில் சம்மதித்தார் என்று அவன் சொன்னது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஸ்டிக்கர் ஒட்டுவது பொறுமை கேட்கும் வேலை. காரின் உடம்பைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஸ்டிக்கரை அதன்மேல் மிதக்கவிட வேண்டும். இடம் சரியாக அமைந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர்த் தகட்டால் தண்ணீரை வழித்துத் தள்ள வேண்டும். மூக்கின் வளைவில் ஸ்டிக்கர் மடியும்; அங்கே ஹேர் டிரையரின் சூட்டைக் காட்டி, விரல் நுனியால் இழுத்துப் படிய வைக்க வேண்டும். அவசரப்பட்டால் காற்றுக் குமிழ் நிற்கும். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் குமிழ்தான் முதலில் பிய்யும்.

உரிப்பது அதைவிடக் கஷ்டம். பாதி சீசனில் ஒரு ஸ்பான்சர் விலகினால் கார் இரவோடு இரவாகக் கடைக்கு வரும். சூடு காட்டி, ஒரு மூலையைத் தூக்கி, தகட்டோடு தகடாகச் சாய்த்து மெதுவாக இழுப்பார். பசை மிச்சத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த பிறகும் எழுத்து போகாது. சுற்றியுள்ள பெயின்ட் வெயிலில் வெளுத்திருக்கும், எழுத்துக்கு அடியில் இருந்த பெயின்ட் புதுசாகவே இருக்கும். பெயர் போன பிறகும் பெயரின் வடிவம் தெரியும். புதிய ஸ்பான்சர் யாராவது வந்து கிட்டத்தில் பார்த்தால், இதற்கு முன் ஒருவர் இங்கே இருந்து விலகினார் என்று படித்துவிடுவார். அதை மறைக்க அந்தப் பையன்கள் முழுப் பக்கப் பலகைக்கும் புது நிறம் அடித்துக்கொண்டு வருவார்கள். அதுவும் ஒரு செலவு.

கிள்ளான் பையன் பாதி சீசன் ஓட்டினான். அதற்கு மேல் முடியவில்லை. அவனுக்கு வேகம் குறைவு என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பாதி சீசனுக்கே ஸ்பான்சர் கிடைத்தது எப்படி என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். ஃபார்முலா பிஎம்டபிள்யூ, மலேசிய கிராண்ட் பிரி வாரத்தில் துணைப் பந்தயமாக செப்பாங்கில் ஓடியது. ஃபெராரியும் மெக்லாரனும் ஓடும் அதே தடத்தில், அதே கூட்டத்தின் முன்னால். பல் டாக்டரிடம் போய், "உங்க பேரு செப்பாங்ல ஓடும், கிராண்ட் பிரி அன்னைக்கு குடும்பத்தோட வந்து பாருங்க" என்று சொல்ல முடிந்தது. டாக்டர் வாங்கியது அந்த ஒரு நாளை. யாரும் பார்க்காத தடத்தில் 17 வயதுப் பையனின் வேகத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அவன் விற்கக்கூடிய ஒரே சரக்கு, அவன் நிற்கும் இடம்தான்.

2011-இல் ஒரு படம் பார்த்து அவர் திகைத்துப்போனார். ஸ்பெயின் நாட்டு எச்ஆர்டி அணி தன் புதிய ஃபார்முலா 1 காரில், ஸ்பான்சர் இல்லாத இடங்களில், 'உங்கள் லோகோ இங்கே' என்றே எழுதி வைத்திருந்தது. எஸ்எஸ் 15 கடையில் பையன்கள் கொண்டுவந்த அதே வெற்றுக் கட்டம், உலகின் உச்சப் பந்தயத்தில். அந்தக் காரை ஓட்டியவர் நரேன் கார்த்திகேயன். முந்தைய ஆண்டு அதே அணியில் சென்னையின் கருண் சந்தோக் பத்துப் பந்தயங்கள் ஓட்டியிருந்தார். 2006-இல் ஆசியாவின் ஃபார்முலா ரெனோ வி6 பட்டம் வென்றவர். பாதி சீசனில் அவர் இடம் ஜப்பானின் சகோன் யாமமோட்டோவுக்குப் போனது. 2011-இல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரியிலிருந்து நரேனின் இடத்தில் டேனியல் ரிக்கியார்டோ உட்கார்ந்தார். அவர் பின்னால் ரெட் புல். இரண்டு தமிழ்நாட்டு ஓட்டுநர்கள், அடுத்தடுத்த ஆண்டுகளில், ஒரே அணியில், ஏறக்குறைய ஒரே மாதத்தில் வெளியே நின்றார்கள்.

2012 மார்ச் 25. நரேன் மறுபடி எச்ஆர்டி காரில். செப்பாங்கில் மழை. மற்ற அணிகள் இடைநிலை டயரில் தொடங்க, கடைசி வரிசையிலிருந்த நரேன் முழு மழை டயரில் கிளம்பினார். மழை வலுத்தது. ஒருவர் பின் ஒருவராக டயர் மாற்ற உள்ளே போக, இவர் முன்னேறிக்கொண்டே இருந்தார். சிவப்புக் கொடி விழுந்து பந்தயம் நின்றபோது எச்ஆர்டி கார் பத்தாவது இடத்தில் இருந்தது, புள்ளி கிடைக்கும் இடம். ஐம்பது நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். குடையும் பிளாஸ்டிக் மழைச்சட்டையுமாக உட்கார்ந்திருந்த தமிழர்கள், மழை நிற்காமல் பந்தயத்தை இத்தோடு முடித்துவிட மாட்டார்களா என்று மனசாரக் கும்பிட்டார்கள். அப்படி முடித்திருந்தால் பாதிப் புள்ளியாவது அவர் கணக்கில் ஏறியிருக்கும். மழை நின்றது, பந்தயம் தொடங்கியது, மெதுவான கார் மெதுவான காராகவே பின்னுக்கு வந்தது. பிறகு முந்திச் செல்லும்போது வெட்டலின் டயர் நரேனின் காரில் பட்டுக் கிழிய, மறுநாள் செய்தித்தாள்களில் வெட்டலின் கோபம்தான் நிறைந்திருந்தது. அன்று இரண்டாவதாக வந்தவர் சாவ்பர் காரில் செர்ஜியோ பெரெஸ். மெக்சிகோவின் டெல்மெக்ஸ் கம்பெனி சிறுவயது முதல் அவரைத் தாங்கியது. அவர் அருமையாக ஓட்டினார், சந்தேகமே இல்லை. ஒரு கம்பெனி பத்து ஆண்டுகள் ஒரு பையனோடு நடந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் அன்று செப்பாங்கிலேயே பார்க்க முடிந்தது.

மலேசியாவிலும் அப்படி நடக்காமல் இல்லை. நாட்டின் எண்ணெய்க் கம்பெனி பெட்ரோனாஸ் தாங்கியதால் ஜஸ்மான் ஜாஃபார் 2012 பிரிட்டிஷ் ஃபார்முலா 3 தொடரில் இரண்டாமிடம் பிடித்தார். டோனி ஃபெர்னாண்டஸின் லோட்டஸ் அணி 2010-இல் ஃபார்முலா 1-க்கு வந்தபோது ஃபைருஸ் ஃபவ்ஸி செப்பாங்கில் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ஓட்டினார். 16 வயது நபில் ஜெஃப்ரிக்கு ஃபார்முலா 1 காரில் நேர்கோட்டுச் சோதனை கிடைத்தது. பந்தய சீட் மட்டும் யாருக்கும் வரவில்லை. இந்தோனேசியாவின் ரியோ ஹர்யாந்தோ, மலேசியாவின் மெரிட்டஸ் அணியில் 2009-இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ பசிபிக் பட்டம் வென்றவர், 2016-இல் ஃபார்முலா 1-இன் மேனர் அணிக்குப் போனார். அணி கேட்டது 1.5 கோடி யூரோ. அவர் நாட்டு எண்ணெய்க் கம்பெனி பெர்டாமினா கொஞ்சம் கொடுத்தது, முழுதும் சேரவில்லை; ஆகஸ்டில் இறக்கிவிட்டார்கள்.

2017 அக்டோபர் 1 அன்று செப்பாங்கில் கடைசி ஃபார்முலா 1. வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார். செலவுக்கு ஏற்ற வரவு இல்லை என்று அரசாங்கம் சொன்ன கணக்கு புரியாததல்ல. ஆனால் அந்தக் கணக்கில், துணைப் பந்தயத்தில் நின்று ஸ்பான்சர் தேடிய பிள்ளைகளின் வரி எங்கும் இல்லை. பல் டாக்டரிடம் காட்ட இனி எந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது? பெரிய காசு இரண்டு சக்கரத்துக்குப் போயிற்று. 2018-இல் ஹஃபிஸ் சியாரின் மோட்டோ ஜிபியில் ஓட்டினார், 2019-இல் பெட்ரோனாஸ் பெயரிலேயே அணி வந்தது. அதில் நியாயமும் உண்டு: நாட்டில் மோட்டார் இல்லாத வீடு குறைவு, பார்க்கிறவர்தான் எண்ணெய் வாங்குகிறவர். என்றாலும் கடைக்காரர் கேட்பது பெரிய தொகையல்ல. ஒரு கிராண்ட் பிரிக்குக் கொட்டியதில் ஒரு துளியை எடுத்து, வருடத்துக்கு நாலு பிள்ளைகளை, எந்த இனமானாலும், கார்ட்டிலிருந்து ஃபார்முலா 4-க்கு மூன்று சீசன் முழுசாக ஓட்டவிட்டால் போதும். பாதி சீசன் ஓட்டியவனைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிவதில்லை, அவனுக்கே தெரிவதில்லை.

இன்றும் பையன்கள் வருகிறார்கள், இப்போது பெண்பிள்ளைகளும். சிமுலேட்டரில் ஆரம்பித்தவர்கள் பாதிப் பேர். ஃபைலின் முதல் பக்கத்தில் 'ஃபார்முலா 1 எனது கனவு' என்று இருந்தால் அதை எடுக்கச் சொல்லிவிடுவார். அந்த இடத்தில் அடுத்த சீசனின் செலவைப் பிரித்து எழுதச் சொல்வார்: நுழைவுக் கட்டணம், எஞ்சின் வாடகை, டயர், மெக்கானிக், பயணம். சென்ற மாதம் பூச்சோங்கிலிருந்து அப்பாவும் மகளுமாக வந்தவர்களின் பட்டியலில் எல்லாம் சரியாக இருந்தது. "விபத்துச் செலவு எங்கம்மா?" என்று கேட்டார்.

"இடிச்சா அப்பா பார்த்துக்குவாங்க அங்கிள்" என்றாள் அந்தப் பெண்.

"அப்பா பார்த்துக்குறதும் செலவுதான். அதையும் எழுது. அதை எழுதி வெச்சாதான், கணக்கு தெரிஞ்ச பிள்ளைன்னு கொடுக்குறவருக்கு நம்பிக்கை வரும்."

அவள் பேனா வாங்கி, கடை மேஜையிலேயே உட்கார்ந்து, முன் இறக்கை இரண்டு, பக்கப் பலகை ஒன்று என்று எழுத ஆரம்பித்தாள். நாலு மணிக்குக் கிள்ளானில் ஒரு டயர் கடை முதலாளியைப் பார்க்க வேண்டும். அதற்குள் ஐந்து பிரதி வேண்டும் என்றார் அப்பா. கடைக்காரர் பிரின்டரைப் போட்டார்.